ரிட்டன் லோடு

நாமக்கல்லில் வளர்ந்தவர்களுக்கு 'லோடு' என்பது ஆங்கிலச் சொல்லாகத் தோன்றுவதே இல்லை. கல்யாணப் பத்திரிகை நீட்டினால் "அன்னிக்கு லோடு கெடைக்காம இருந்தா வந்தர்றனுங்க" என்பார்கள். பையன் எங்கே என்றால் "நாக்பூர் லோடு போயிருக்கறான்" என்று பதில் வரும். வாய் நிறையச் சோற்றை அடைத்துக்கொள்ளும் குழந்தையைப் பார்த்து "ஏம் சாமி ஓவர்லோடு ஏத்தற" என்று பாட்டிகள் கேட்பார்கள். மழை நம்பி விவசாயம் செய்ய முடியாத சமவெளி இது. லாரி, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை, திருச்செங்கோட்டு ரிக் வண்டி, கோழிப்பண்ணை, மரவள்ளி, ஜவ்வரிசி ஆலை என்று ஊர் தன்னைத் தானே மாற்றிக் கட்டிக்கொண்டது. இதில் எதை எடுத்தாலும் கடைசியில் ஒரு பொருளை ஓரிடத்தில் கட்டி இன்னோரிடத்தில் அவிழ்க்க வேண்டும். மூட்டை கட்டுவது எங்களுக்குப் பிழைப்பு.

அப்பா முப்பத்தொரு வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டினார். கடைசிப் பதினொரு வருடம் சொந்த வண்டி, பத்துச் சக்கரம். மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருக்க மாட்டார். வந்தால் இரண்டு நாள் தூங்குவார், ஒரு நாள் வண்டி வேலை பார்ப்பார், மறுபடி கிளம்பிவிடுவார். அவர் கிளம்பும் பை அம்மாவின் பொறுப்பு. நீலநிற ரெக்ஸின் பை. நான்கு லுங்கி, நான்கு பனியன், இரண்டு சட்டை, துண்டு, சோப்பு டப்பா, பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், கோடாலித் தைலம். எதை எங்கே வைத்தாள் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நாசிக் பக்கம் இருட்டில் கைவிட்டால் தைலம் கையில் தட்டுப்படும். அவ்வளவு பழக்கம்.

2020இல் கொரோனா அடைப்பில் வண்டி நான்கு மாதம் நின்றது. தவணை நிற்கவில்லை. அந்த வருடக் கடைசியில் அப்பா வண்டியை விற்றார். அதன் பிறகுதான் எங்கள் வீட்டில் ஒரு புதுப் பிரச்சினை முளைத்தது. கல்யாணமாகி முப்பத்திநான்கு வருடம் ஆன இரண்டு பேர், முதன்முறையாக ஒரே வீட்டில் தொடர்ந்து இருக்க வேண்டியதாயிற்று. அப்பாவுக்கு அம்மா எத்தனை மணிக்குக் காபி குடிப்பாள் என்று தெரியாது. அம்மாவுக்கு அப்பா பகலில் இவ்வளவு பேசாமல் இருப்பார் என்று தெரியாது. சண்டை இல்லை. சண்டை போடுமளவுக்குக்கூடப் பழக்கமில்லை. நான் சென்னையிலிருந்து போனில் பேசும்போது இரண்டு பேரும் தனித்தனியாக ஒன்றையே சொல்வார்கள். "உங்கொம்மா என்ன பண்றான்னே தெரியல கண்ணு." "உங்கப்பன் என்ன நெனைக்கறார்னே தெரியல சாமி."

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்புகிறது என்று முதலமைச்சர் கொடியசைத்த படம் பேப்பரில் வந்தது. எம்ப்ரஸ் என்ற கப்பல். 1990இல் பிரான்சில் கட்டி, முப்பது வருடம் வெளிநாட்டுக் கடல்களில் ஓடிவிட்டு இங்கே வந்திருந்தது. அப்பா அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்துவிட்டு, "முப்பது வருச வண்டி. இஞ்சின் வேலை பாத்திருப்பானுங்க" என்றாராம். அம்மா இதைப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் பேசியதைப் பற்றி அவள் எனக்குச் சொன்ன முதல் விஷயம் அது. அடுத்த வாரம் என் போனஸ் பணத்தில் டிக்கெட் போட்டேன். சென்னை, விசாகப்பட்டினம், மறுபடி சென்னை. ஒரு கேபினில் அவர்கள், பக்கத்தில் நான்.

*

கடல்வழிப் பயணத்துக்கு மூட்டை கட்டுவது தமிழர்களுக்குப் புதிது கிடையாது. 1860இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போனது. அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து போன கப்பல்களில் சேலம் ஜில்லாக்காரர்களும் போனார்கள். அன்று நாமக்கல்லும் சேலம் ஜில்லாதான். தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997இல். அந்தக் கூலிகள் கொண்டுபோன மூட்டையில் என்ன இருந்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கப்பல் பதிவேட்டில் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் இருக்கும் தழும்பு எல்லாம் உண்டு. பையைப் பற்றி ஒன்றும் இல்லை. எழுதுமளவுக்கு இருந்திருக்காது.

பிறகு 1926இல் கட்டிய 'ரஜூலா' வந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ ஐம்பது வருடம் ஓடியது. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் அதிகமான டெக் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்த கப்பல். டெக் பயணி என்றால் அறை கிடையாது. தளத்தில் பாய் விரித்த இடம்தான் வீடு. தகரப் பெட்டி, பாய், தலையணை, கூஜா. பெட்டியைச் சுற்றிப் பாயை விரித்தால் அதுதான் எல்லை. அதற்கடுத்து 'சிதம்பரம்' கப்பல். 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு அந்தக் கப்பலின் கதை முடிந்தது.

இந்தத் தீயை நினைவில் வைத்துக்கொண்டால்தான், கப்பலுக்கு என்னென்ன கொண்டுவரக் கூடாது என்கிற பட்டியல் புரியும். அயர்ன் பாக்ஸ், கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மெழுகுவத்தி, ஊதுவத்தி, கத்தி. கரையில் தீப்பிடித்தால் வெளியே ஓடலாம். நடுக்கடலில் வெளியே என்று ஓர் இடம் இல்லை. எந்தக் கப்பல் கம்பெனியானாலும் இந்தப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலான கப்பல்களில் வீட்டில் சமைத்த சாப்பாட்டுக்கும் அனுமதியில்லை.

நான் போனில் பட்டியலைப் படித்துக் காட்டினேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள். சாப்பாடு வந்ததும் நிறுத்தினாள்.

"பருப்புப்பொடியுமா?"

"வேண்டாம்மா. அங்கயே எல்லாம் போடுவாங்க. மூணு வேளையும். நடுவுலயும்."

"அப்ப எனக்கு அங்க என்ன வேலை?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது. வேலை இல்லாத இடத்துக்கு அம்மா அதுவரை போனதே இல்லை. கோயிலுக்குப் போனாலும் கட்டுச்சோறு கட்டுவாள். ஒறம்பரை வீட்டுக்குப் போனாலும் போன அரை மணியில் அந்த வீட்டு அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள்.

*

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஊருக்குப் போனேன். நடுவீட்டில் பாய் விரித்து, அதன்மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தாள். நான் வாங்கிப்போன இருபத்தாறு அங்குலச் சூட்கேஸ் திறந்தபடி கிடந்தது. அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் வந்து உட்கார்ந்தார். பெட்டியின் உள்ளளவைச் சாணால் அளந்தார். சக்கரத்தை உருட்டிப் பார்த்தார். பிறகு லோடு ஏற்றும் சட்டங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் இருவருமே கேட்டதில்லை.

முதல் சட்டம், கனம் ஆக்ஸிலுக்கு மேலே. லாரியில் கனமான சரக்கை வண்டிக் கடைசியில் ஏற்றினால் முன்சக்கரம் பிடி இழக்கும், ஸ்டீயரிங் மிதக்கும். ஒரு பக்கமாக ஏற்றினால் வளைவில் சாயும். மூன்று ஆக்ஸில் வண்டிக்கு மொத்த எடை இருபத்தைந்து டன் என்று இருந்ததை 2018இல் இருபத்தெட்டரையாக உயர்த்தினார்கள். எத்தனை டன் என்பதைவிட அது எங்கே உட்காருகிறது என்பதுதான் முக்கியம் என்பார் அப்பா. சூட்கேஸுக்கும் அதேதான். பெட்டியை நிறுத்தும்போது சக்கரம் இருக்கும் பக்கம்தான் அடிப்பக்கம். செருப்பு, சோப்புப் பை, சார்ஜர் எல்லாம் அங்கே. மேல்பக்கம் கனமாக இருந்தால் கையை விட்டதும் பெட்டி மல்லாக்க விழும்.

இரண்டாவது, சந்து விடக் கூடாது. "எடம் விட்டா ஆடும். ஆடுனா ஒடையும்." இது முட்டை லோடு கற்றுக்கொடுத்தது. எங்கள் ஊர் முட்டை அட்டையில் முப்பதாக உட்காரும். கூர்முனை கீழே, மழுங்கல் பக்கம் மேலே. அந்த மழுங்கல் பக்கம்தான் காற்றறை இருக்கிறது. அது மேலே இருந்தால் மஞ்சள்கரு நடுவில் நிற்கும். ஏழு அட்டை அடுக்கினால் ஒரு பெட்டிக்கு இருநூற்றுப்பத்து. வெளிநாட்டுக்குப் போகும் பெட்டியில் முந்நூற்று அறுபது. நாற்பதடி குளிர்க் கன்டெய்னர் ஒன்றில் நாலே முக்கால் லட்சம் முட்டை வரைக்கும் போகும். தூத்துக்குடியில் ஏறி வளைகுடாவில் இறங்கும்போது உடையாமல் இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான், எதற்கும் அசைய இடமில்லை. அப்பா செருப்புக்குள் காலுறையைத் திணித்தார். காலுறை ஒன்றுக்குள் என் கண்ணாடிக்கூட்டை நுழைத்தார். லுங்கியைக் குழல்போல இறுக்கிச் சுருட்டி ஓரச் சந்தில் சொருகினார். இணையத்தில் துணியை மடிப்பதா சுருட்டுவதா என்று ஆயிரம் வீடியோ இருக்கிறது. அப்பாவின் விடை எளிமையானது. கசங்கினால் பரவாயில்லாததைச் சுருட்டு, கசங்கக் கூடாததை அகலமாக மடித்து மேலே விரி.

மூன்றாவது, கடைசியில் ஏற்றுவது முதலில் இறங்க வேண்டும். ஒரே வண்டியில் மூன்று ஊருக்குச் சரக்கு இருந்தால், கடைசி ஊர்ச் சரக்கு அடியில், முதல் ஊர்ச் சரக்கு வாசலில். இதை மாற்றி ஏற்றிய வண்டி, முதல் ஊரிலேயே முழுச் சரக்கையும் இறக்கி மறுபடி ஏற்றும். லோடுமேன் கூலி இரட்டிப்பு.

இந்த மூன்றாவது சட்டம்தான் கப்பலில் ரொம்பவும் உதவியது. கப்பலில் பெரிய பெட்டியை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அறை எண் எழுதிய அட்டையைக் கட்டி, ஸ்கேன் செய்து, உள்ளே கொண்டுபோவார்கள். அது உங்கள் அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணிநேரம் ஆகும். அதுவரை உங்களிடம் இருப்பது கைப்பை மட்டும். ஆகவே முதலில் இறங்குவதெல்லாம் கைப்பையில். அடையாள அட்டை, பயணச்சீட்டு, அப்பாவின் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் டாக்டர் சீட்டோடு, ஒரு மாற்றுத்துணி, கண்ணாடி, சார்ஜர். மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. பயணம் எத்தனை நாளோ அதைவிட மூன்று நாளுக்கு அதிகமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மா அதில் ஒரு சுக்குத் துண்டையும் காகிதத்தில் மடித்து வைத்தாள். பட்டியலில் சுக்குக்குத் தடை இல்லை.

நான்காவது சட்டம் ரிட்டன் லோடு. "போற லோடுல சம்பாரிக்க முடியாது கண்ணு. டீசலுக்கும் டோலுக்கும் சரியாப் போயிரும். வர்ற லோடுலதான் வீட்டுக்குப் பணம்." வெறும் வண்டியாகத் திரும்புகிறவன் தொழிலில் நிற்க மாட்டான். அதனால் பெட்டியில் கால்வாசி இடத்தைத் திரும்பி வருகிற சரக்குக்கு விட வேண்டும். இரண்டாவது சட்டத்தோடு இது மோதுகிறதே என்று கேட்டேன். சந்து விடவும் கூடாது, இடமும் விட வேண்டும், எப்படி? அப்பா எழுந்துபோய் மொட்டைமாடியிலிருந்து பழைய பருத்திப் போர்வையைக் கொண்டுவந்தார். கால்வாசி இடத்தில் அதை அமுக்கினார். "வர்றப்ப இத வெளிய எடுத்துத் தோள்ள போட்டுக்க." கப்பலில் குளிர்சாதனம் பலமாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்தப் போர்வை அங்கே வேறு வகையிலும் உதவியது.

*

அம்மாவின் முறை வேறு. அவளுக்கு லாரி தெரியாது. மஞ்சள்பை தெரியும்.

முப்பது வருடக் கல்யாணங்களில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சள்பைகள் எங்கள் வீட்டில் நூற்றுக்கு மேல் இருக்கும். 2021 டிசம்பரில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' என்று திட்டம் தொடங்கியபோது அம்மா, "எப்ப போச்சு, திரும்பி வர்றதுக்கு?" என்று கேட்டாள். அந்தப் பைகளைத்தான் அவள் அறைகளாகப் பிரித்துக்கொண்டாள். வெளிநாட்டுக் கடைகளில் இதையே ஜிப் வைத்துத் தைத்து, ஆறு பைகள் கொண்ட ஒரு செட்டாக நல்ல விலைக்கு விற்கிறார்கள். அம்மாவிடம் இருந்தவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு மணமக்கள் பெயர் அச்சாகியிருந்தது. பெரியமாமா பொண்ணு கல்யாணப் பையில் அப்பாவின் உள்ளாடைகள். பரமத்திவேலூர்ச் சம்பந்திப் பையில் அவளுடைய ரவிக்கைகள். ராசிபுரத்துப் பையில் துண்டுகள். எதில் எது என்று அவளுக்குக் கேட்கவே வேண்டாம். துணி உள்ளே அமுங்கிக்கொள்ளும், காற்றும் போகும், அழுக்குத் துணியைத் திரும்பி வரும்போது தனியே கட்டவும் ஆகும்.

பரப்பி வைத்ததில் அப்பாவுக்கு ஒன்பது உருப்படி இருந்தது. எனக்கென்று மிளகாய்ப்பொடி முதல் தேங்காய் எண்ணெய் வரை ஆறு. அம்மாவுக்கு இரண்டு சேலை.

"நாலு ராத்திரிக்கு ரெண்டு சேலையாம்மா?"

"தொவைச்சுக் காயப்போட்டா ஆவாதா?"

"உன் சீப்பு, உன் கண்ணாடி, செருப்பு?"

"அத எதுல வெக்கறது?"

அப்போதுதான் பார்த்தேன். அம்மாவுக்குப் பை இல்லை. அப்பாவுக்கு ரெக்ஸின் பை. எனக்குக் காலேஜ் பை, ஹாஸ்டல் டிரங்குப் பெட்டி, பிறகு முதுகுப்பை. அவள் எங்கே போனாலும் அவள் துணி எங்களில் யாராவது ஒருவர் பையின் ஓரத்தில் மடங்கிக் கிடக்கும். ஆயிரம் தடவைக்கு மேல் பை கட்டியிருக்கிறாள். மாதம் இரண்டு நடை என்று முப்பத்தொரு வருடத்துக்குக் கணக்குப் போட்டாலும் எழுநூறு தாண்டும். என் ஹாஸ்டல் பயணங்கள் தனி. அதில் ஒன்றுகூட அவளுக்காகக் கட்டியது இல்லை. எனவே தனக்கு என்ன தேவைப்படும் என்ற கேள்விக்கு அவளிடம் பட்டியலே இல்லை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தன் ஒன்பது உருப்படியிலிருந்து மூன்று லுங்கியை எடுத்து ஓரமாக வைத்தார். "லாரியா இது. ஒண்ணு போதும். அங்க உன்றத வை."

*

எல்லாம் முடிந்த பிறகு அம்மா பீரோவைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பெட்டியின் அடியில் இருந்ததையெல்லாம் கொஞ்சம் தூக்கி, அதை அடிமட்டத்தில் வைத்தாள். எனக்கு அந்தப் பொட்டலத்தைத் தெரியும்.

அதில் ஒரு வெள்ளைச்சட்டை, ஒரு கரைவேட்டி. கஞ்சி போட்டுத் தேய்த்தது. மடிப்புக்குள் பிளாஸ்டிக் உறையில் ஒரு சீட்டு. அப்பாவின் பெயர், ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம், ஒரு தொலைபேசி எண். ஆரம்பத்தில் அந்த எண் தெருமுனை மளிகைக்கடையுடையது. பிறகு வீட்டு எண், பிறகு என் செல் நம்பர். அப்பா கிளம்பும் ஒவ்வொரு தடவையும் ரெக்ஸின் பையின் அடியில் அது இருக்கும். ஒவ்வொரு தடவையும் பிரிக்காமல் திரும்பி வரும். அம்மா அதைப் பிரித்து, அலசி, கஞ்சி போட்டு, தேய்த்து, புதுத் தாளில் சுற்றி, அடுத்த நடைக்கு எடுத்துவைப்பாள்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் கேட்டேன், போடாத சட்டையை ஏன் துவைக்கிறாய் என்று. எங்கள் தெருவில் ஒரு டிரைவர் வடக்கே எங்கேயோ விபத்தில் போய்ச் சேர்ந்திருந்தார். பையில் பெயரில்லை, முகவரியில்லை. யார் என்று கண்டுபிடித்து, இங்கே தகவல் வந்து, உடம்பு வந்துசேர ஆறு நாள் ஆனது. "எவனோ போத்துன துணியில வந்தாரு சாமி" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். வேறு விளக்கம் எனக்கும் தேவைப்படவில்லை. அப்பாவிடம் அவள் அதைச் சொன்னதே இல்லை. அவரும் கேட்டதில்லை. ஆனால் எதற்கென்று தெரியாமல் ஒருவர் முப்பத்தொரு வருடம் ஒரு பொட்டலத்தைப் பிரிக்காமல் சுமப்பாரா?

பாயில் உட்கார்ந்திருந்த அப்பா, அம்மா அதை அடியில் வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அத மேல வை" என்றார்.

அம்மாவின் கை நின்றது.

"கடைசியில ஏத்தறதுதான் மொதல்ல எறங்கும். கப்பல்ல ஒருநா ராத்திரி எல்லாரும் நல்ல துணி போட்டுட்டு வரோணும்னு பாப்பா சொன்னால்ல? அன்னிக்குப் போட்டுக்கறேன். மேல வை."

அம்மா எடுத்து மேலே வைத்தாள். தாள் லேசாகக் கிழிந்திருந்தது. அதைத் தடவி ஒட்டினாள். அப்பா கைநீட்டி மடிப்புக்குள்ளிருந்து சீட்டை உருவினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து, தன் பெயருக்குக் கீழே எதையோ எழுதி, உறையில் போட்டு, அதைக் கைப்பையின் முன்ஜிப்பில் வைத்து மூடினார். ராத்திரி அவர்கள் தூங்கிய பிறகு எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் பெயர்.

*

பழனி எக்ஸ்பிரஸில் நாமக்கல்லில் ஏறி, காலையில் சென்னையில் இறங்கினோம். எங்கள் ஊருக்கு ரயில் வந்ததே 2013இல்தான். அப்பாவுக்கு ரயிலில் தூக்கம் வரவில்லை. யாரோ ஓட்டும் வண்டியில் தூங்கிப் பழக்கமில்லை என்றார்.

கப்பலில் ஏறியதும் முதலில் நடந்தது பாதுகாப்பு ஒத்திகை. 2012 ஜனவரியில் இத்தாலிக் கடலோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து முப்பத்திரண்டு பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறியிருந்த பயணிகள் பலருக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதன்பிறகு, கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை முடிந்திருக்க வேண்டும் என்று சர்வதேச விதியே மாறியது. எச்சரிக்கை மணி ஒலித்தால் என்ன எடுத்துக்கொண்டு வரலாம் என்று ஒருவர் கேட்டார். உயிர்காக்கும் சட்டை, தேவையான மருந்து, கதகதப்பான துணி, அவ்வளவுதான், பெட்டியைத் தொடக் கூடாது என்றார்கள். இரண்டு நாள் கட்டிய மூட்டையை விட்டுவிட்டு வரச் சொல்வதுதான் கப்பலின் முதல் பாடம். அப்பா தலையாட்டினார். டிரைவர்களுக்கும் அதே பாடம்தான் என்றார். தீப்பிடித்தால் சரக்கைப் பார்க்காதே, குதி.

அறை சின்னது. எங்கள் வீட்டுச் சமையலறை அதைவிடப் பெரிது. ஆனால் லாரி கேபினில் முப்பத்தொரு வருடம் குடியிருந்தவருக்கு அது அரண்மனை. பெட்டி வந்ததும் துணியை அலமாரியில் வைத்துவிட்டு, காலிப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். அதுதான் சரியான இடம். கப்பல் கட்டில்கள் அதற்காகவே உயரமாக இருக்கும். அந்தக்காலத்துக் கப்பல் பெட்டிகளும் கட்டிலுக்கடியில் போகிற மாதிரித் தட்டையாகத்தான் செய்திருந்தார்கள். சுவரை விரலால் தட்டிப் பார்த்து, "இரும்பு" என்றார். காந்தக் கொக்கி நாலு கொண்டுபோயிருந்தேன். சுவரில் ஒட்டி, அவற்றில் மஞ்சள்பைகளை மாட்டினாள் அம்மா. மணமக்கள் பெயர்களெல்லாம் வரிசையாகத் தொங்கின. குளியலறையில் காயப்போட அப்பா தன் பையிலிருந்து நைலான் கயிறு எடுத்தார். லாரித் தார்ப்பாய்க்குப் போடும் அதே முடிச்சு.

முதல் நாள் ராத்திரி கடல் கொஞ்சம் ஆடியது. அம்மா சுக்கைக் கடித்துக்கொண்டு போர்வையைப் போர்த்தி மேல்தளத்தில் உட்கார்ந்துவிட்டாள். அடிவானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் குமட்டல் குறையும். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். போர்வையின் ஒரு பாதி அவர் மேலும் கிடந்தது. நான் கொஞ்ச தூரத்தில் இருந்தேன். பேச்சு காதில் விழவில்லை. பேசினார்கள் என்பது மட்டும் தெரிந்தது. நெடுநேரம்.

விசாகப்பட்டினத்தை நெருங்கியபோது டால்பின்ஸ் நோஸ் மலை தெரிந்தது. அப்பா இந்தத் துறைமுகத்துக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறார். ஜவ்வரிசி கொண்டுவந்து, ஸ்டீல் பிளான்ட்டில் கம்பி ஏற்றிக்கொண்டு போவார். லோடு கிடைக்க மூன்று நாள்கூடக் காத்துக்கிடந்ததுண்டு. ஆனால் கடலைப் பார்த்ததில்லை. வண்டியை விட்டுவிட்டுப் போனால் டீசல் திருடிவிடுவார்கள். "அந்தச் சொவத்துக்கு அந்தப் பக்கம் நிப்பாட்டுவோம்" என்று அம்மாவிடம் கைகாட்டினார். "அங்கதான் சோறு பொங்குவேன். நீ குடுத்த பருப்புப்பொடி." அம்மா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதத்தில் இருபது நாள் அவர் எங்கே இருந்தார் என்பதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அன்று ராத்திரி விருந்துக்கு அப்பா பொட்டலத்தைப் பிரித்தார். கோட்டும் கவுனுமாகக் கூடம் நிறைந்திருந்தது. அவர் கஞ்சி மடிப்பு கலையாத வெள்ளைச்சட்டை, கரைவேட்டியில் வந்தார். சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது, சுகரில் இளைத்துவிட்டார். அம்மா எதிரில் உட்கார்ந்து காலரைச் சரிசெய்தாள். யாரோ வந்து இலைபோலத் தட்டை வைத்து, யாரோ பரிமாற, யாரோ எடுத்துப்போனார்கள். இரண்டாவது ஐட்டம் வரும்போதுதான் அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

*

திரும்பி வந்து பெட்டியைப் பிரித்தபோது கணக்குப் பார்த்தோம். பயன்படாதவை: குடை, டார்ச், என் இரண்டு சட்டை, மிளகாய்ப்பொடி. பத்தாமல் போனது: அம்மாவின் சேலை. நாலாவது நாள் என் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டாள். அடுத்த தடவைக்கு என் கணக்கு இப்படி: ஒருவருக்கு நாளுக்கு ஒரு உடை, நல்லது ஒன்று, கட்டாயம் ஒன்று கூடுதல். அதற்கு மேல் எல்லாம் ஓவர்லோடு.

ரிட்டன் லோடு: ஏட்டிக்கொப்பாக்கா மரச்செப்பு இரண்டு, விசாகப்பட்டினம் கடையில் அம்மா தேர்ந்தெடுத்தவை. அப்புறம் ஒரு பை. பழுப்புநிறம், தோள்பட்டை வார், உள்ளே மூன்று அறை. அம்மா பொம்மைக்கடையில் நிற்கும்போது அப்பா தனியே போய் வாங்கி வந்திருந்தார். பேரம் பேசத் தெலுங்கு தெரியும் அவருக்கு. போர்வை இருந்த இடத்தில் அது சரியாக உட்கார்ந்தது.

இப்போது எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் இரண்டு ஆணி. ஒன்றில் நீல ரெக்ஸின் பை, இன்னொன்றில் பழுப்புப் பை. வெள்ளைச்சட்டை மறுபடியும் கஞ்சி போட்டுப் பீரோவில் இருக்கிறது. தாளில் சுற்றவில்லை, மற்றச் சட்டைகளோடு ஹேங்கரில் தொங்குகிறது. போன வாரம் போன் செய்தபோது அம்மா கேட்டாள், "ராமேஸ்வரத்துக்கு நாலு நாளைக்கு மூணு சேலை போதுமா சாமி, உங்கப்பன் அஞ்சு எடுங்கறாரு."